மாணவர் முன் கண்ணீர் வடித்த ஜெபர்சன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வர்ஜீனியா மாநிலத்தில் மான்டிசெல்லோ என்றொரு குன்று உண்டு. அதன் சரிவில் அமைந்த குடும்ப இடுகாட்டில் தாமஸ் ஜெபர்சன் துயில்கின்றார். தம் கல்லறைக் கல்லில் என்ன பொறிக்கப்பெற வேண்டும் என்பதை அவரே எழுதி வைத்துச் சென்றார். வர்ஜீனியாவின் ஆளுநர், பிரான்சு நாட்டுக்கான தூதர், வெளியுறவுச் செயலர், துணைக் குடியரசுத் தலைவர், இருமுறை குடியரசுத் தலைவர் என அவர் வகித்த பதவிகள் பல. அவற்றுள் ஒன்றேனும் அக்கல்லில் இடம்பெறவில்லை. விடுதலைச் சாற்றுரையை இயற்றியவர், வர்ஜீனியாவின் சமய உரிமைச் சட்டத்தை வரைந்தவர், வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் தந்தை என்னும் மூன்று செய்திகள் மட்டுமே அதில் உள்ளன.

முதல் இரண்டையும் வரலாறு பயின்றோர் நன்கறிவர். மூன்றாவது அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குத் தந்த பெருமையையும், அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அவருக்குத் தந்த பெருந்துயரையும் கூறுவதே இக்கட்டுரை. அவர்தம் அரசியல் வாழ்வை விரித்துரைப்பதற்கு வேறு நூல்கள் பல உள.

1743ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் பிறந்த ஜெபர்சன், பதினான்காம் அகவையில் தந்தையை இழந்தார். நிலமும் செல்வமும் மிகுந்த குடும்பம்; கண்டித்துக் கேட்பாரோ இல்லை. 1760ஆம் ஆண்டில் வில்லியம்ஸ்பர்க் நகரிலிருந்த வில்லியம் - மேரி கல்லூரியில் அவர் சேர்ந்தபோது வயது பதினாறு. அக்காலத்தில் அக்கல்லூரியின் ஒழுங்கு எந்நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். அவ்வாண்டிலேயே, பேராசிரியர் இருவர் மாணவர்களுக்குத் தலைமை தாங்கி, ஊரிலிருந்த தொழிற்பயிற்சி இளைஞர்களோடு தெருச்சண்டையில் இறங்கினர்! ஒருவர் பதவி நீக்கம் பெற்றார். மற்றவர் தாமே விலகினார். இவ்வாறு ஆசிரியர் குறைந்துபோனதும் ஜெபர்சனுக்கு நன்மையாகவே முடிந்தது. வில்லியம் ஸ்மால் என்னும் ஸ்காத்லாந்து நாட்டவர் அங்குக் கணிதம் கற்பித்து வந்தார். விலகியோரின் பாடங்கள் சிலவற்றையும் அவரே ஏற்று நடத்த நேர்ந்தது. அதனால் இளைஞர் ஜெபர்சனுக்கு ஏறத்தாழ எல்லாப் பாடங்களுக்கும் அவரே ஆசான் ஆனார்.

ஸ்மால் தம் மாணவரை வகுப்பறையோடு விட்டுவிடவில்லை. ஜார்ஜ் வைத் என்னும் சட்ட அறிஞரிடம் அவரை அறிமுகப்படுத்தினார். ஆளுநர் ஃபாக்கியரின் மாளிகையில் ஸ்மாலும் வைத்தும் ஆளுநரும் அமர்ந்து உணவருந்தும் பொழுதுகளில் நான்காம் இருக்கை இந்த இளைஞருக்கு வாய்த்தது. அறிவார்ந்த உரையாடலை அவர் கற்றது அந்த உணவு மேசையில்தான். நெடுங்காலம் கழித்து, 1808ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவராக இருந்த நிலையில் தம் பேரனுக்கு எழுதிய மடலொன்றில் இந்நாள்களை அவர் நினைவுகூர்ந்தார். குதிரைப் பந்தயம் ஆடுவோர், சீட்டாடுவோர், வேட்டைப் பித்தர் ஆகியோர் நடுவே தாம் வளர்ந்ததையும், அவர்களைப் போலத் தாமும் கெட்டொழியாமல் தப்பியது தமக்கே வியப்பளிப்பதையும் அதில் குறிப்பிட்டார். மனம் தடுமாறும் வேளையில், இவ்விடத்தில் ஸ்மால் என்ன செய்வார், வைத் என்ன செய்வார் என்று தம்மைத் தாமே வினவிக் கொண்டதுதான் தம்மைக் காத்தது என்பது அவர் கண்ட உண்மை.

இந்த மடலை மனத்திற்கொள்ளாதவர்க்கு, அவர் பின்னாளில் வகுத்த மாணவர் ஒழுங்குமுறை விளங்காது என்பது என் கருத்து. பிரம்பும் தண்டமும் அவரைத் திருத்தவில்லை; ஆசானுடைய நெருக்கமே திருத்தியது. தமக்கு நேர்ந்தது எல்லா இளைஞர்க்கும் நேரும் என்று அவர் நம்பினார். அவர்தம் திட்டத்தின் வலிமையும் அதுவே, வலுவின்மையும் அதுவே.

1809ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பொறுப்பினின்றும் ஓய்வு பெற்றவர், எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியைக் கல்விப் பணிக்கே ஈந்தார். 1817 அக்டோபர் 6ஆம் நாள் சார்லட்ஸ்வில் ஊருக்கு அருகே முதற்கட்டடத்தின் அடிக்கல் நாட்டப்பெற்றது. அப்போது குடியரசுத் தலைவராயிருந்த மன்றோவும், முன்னாள் தலைவர்களான மேடிசனும் ஜெபர்சனும் அங்கு ஒருங்கே நின்றனர். 1819 சனவரி 25ஆம் நாள் வர்ஜீனியாச் சட்டமன்றம் பல்கலைக்கழகத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஆட்சிக் குழுவின் தலைமை ஜெபர்சனிடம் வந்தது. கட்டட வரைபடமும் அவருடையதே, பாடத்திட்டமும் அவருடையதே. நூலகத்திற்கு வாங்க வேண்டிய ஆயிரக்கணக்கான நூல்களின் பட்டியலைக்கூட அந்த முதியவரே தம் முயற்சியால் உருவாக்கினார். மான்டிசெல்லோக் குன்றிலிருந்து தொலைநோக்கி வழியே கட்டட வேலையைக் கண்காணித்தார் என்றும் சொல்வதுண்டு.

ஒரே பெருங்கட்டடமாக எழுப்பாமல், ஒரு சிற்றூரைப் போலப் பல்கலைக்கழகத்தை அவர் அமைத்தார். நீண்ட பசும்புல் வெளி. அதன் இருமருங்கும் பக்கத்திற்கு ஐந்தாகப் பேராசிரியர் இல்லங்கள் பத்து. ஒவ்வோர் இல்லத்திற்கும் இடையிடையே மாணவர் அறைகள். வெளியின் தலைப்பில், உரோமாபுரியின் பாந்தியன் கோயிலைப் பாதி அளவில் ஒத்த ரொட்டுண்டா என்னும் வட்ட மாளிகை, அதுவே நூலகம். பேராசிரியர் மாடியில் குடியிருப்பார், கீழ்த்தளத்தில் வகுப்பெடுப்பார், கதவைத் திறந்தால் மாணவர் அறை. ஸ்மாலின் நெருக்கத்தைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் அவர் கட்டி எழுப்பினார் எனலாம்.

ஒழுங்குமுறை குறித்து அவர் கொண்டிருந்த கொள்கை 1818ஆம் ஆண்டு அறிக்கையிலேயே தெளிவாக உள்ளது. அச்சத்தைக் காட்டி இளைஞரை ஆள்வது அவர்களைச் சிறுமைப்படுத்தும் என்றும், தன்மானமும் புகழ் வேட்கையும் நல்லொழுக்கப் பற்றுமே அவர்களை நெறிப்படுத்தத் தக்கன என்றும், ஆசிரியர் மாணவர் உறவு தந்தை மகன் உறவைப் போல் அமைதல் வேண்டும் என்றும் அவ்வறிக்கை வற்புறுத்தியது. இதனால் அவர் உலகியல் அறியாதவர் என்று கருதிவிடலாகாது. மாணவர் ஒழுங்கின்மையே அமெரிக்கக் கல்விக்குப் பெருந்தடை என்பதை 1822ஆம் ஆண்டளவில் எழுதிய மடலிலேயே அவர் ஒப்புக்கொண்டார். பெற்றோர் காட்டும் அளவுகடந்த சலுகையையும் சாடினார். 1807ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் கல்லூரியில் மாணவர் கலகம் மூண்டது. 1823ஆம் ஆண்டில் ஹார்வர்டில் இறுதியாண்டு மாணவருள் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். கடுமையால் அந்நிறுவனங்கள் கண்ட பயன் இதுதானெனின், நம்பிக்கையை ஆய்ந்து பார்த்தால் என்ன என்பது அவர் எண்ணமாக இருந்திருத்தல் கூடும்.

1824 அக்டோபரில் ஆட்சிக் குழு கூடி மாணவர் நடத்தை விதிகளை இயற்றியது. இன்றைய விடுதிக் காப்பாளர்கள் அவற்றைப் படிப்பரேல் புன்முறுவல் பூப்பர். வளாகத்தினுள் மதுவகை கூடாது. படைக்கலமோ வெடிமருந்தோ கூடாது. வேலையாள், குதிரை, நாய் ஆகியவற்றை வைத்துக்கொள்ளல் கூடாது. வகுப்பறைக்குள் கைத்தடியோடு வருதல் கூடாது. அங்குப் புகையிலையைப் புகைத்தலும் மெல்லுதலும் கூடாது. உயிர்க்கேடு விளைக்கும் கருவிகளோடு இருவர் பொருதினாலோ, அத்தகைய சண்டைக்கு அறைகூவல் விடுத்தாலோ ஏற்றாலோ உடனடியாக நீக்கம். பெருந்தண்டனைகளாவன நிலையான நீக்கம், தற்காலிக நீக்கம், வளாகத்தில் நுழையத் தடை. அறையினுள் அடங்கியிருக்கச் செய்தல், தனியேயோ பலர் முன்னிலையிலோ கண்டித்தல், வகுப்பில் இழிவுக்குரிய இருக்கையில் அமர்த்துதல், எழுத்துவேலை கொடுத்தல் முதலியன சிறு தண்டனைகள். உடலை வருத்தும் தண்டனை ஒன்றேனும் அவற்றுள் இல்லை.

இவ்விதிகளுள் இரண்டு சிறப்பாகக் கருதத்தக்கவை. சிறு குற்றங்களை, மாணவருள் நிதானமிக்க அறுவரைக் கொண்ட குழுவிடமே தீர்ப்புக்கு விடலாம் என்பது ஒன்று. மாணவர் ஒருவர் சான்றுரைக்க வேண்டி வருமாயின், அவரை ஆணையிட்டுக் கட்டாயப்படுத்தாமல், உரைப்பதா இல்லையா என்பதை அவர்தம் மனச்சான்றுக்கே விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. சட்டம் இயற்றிய கை எத்துணை நம்பிக்கையோடு எழுதியது பாருங்கள்!

1825 மார்ச் 7ஆம் நாள் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் மாணவர் ஏறத்தாழ நாற்பதின்மர். சில மாதங்களில் நூற்றுக்கும் மேலாயினர். பேராசிரியருள் பலர் ஐரோப்பாவினின்றும் வரவழைக்கப்பட்டவர்கள். பண்டைய மொழிகளுக்கு ஜார்ஜ் லாங், கணிதத்திற்குத் தாமஸ் கீ, மருத்துவத்திற்கு ராப்லி டங்லிசன் என அறிஞர் அணி ஒன்று சேர்ந்தது. முதல்வர் என்றோ துணைவேந்தர் என்றோ நிலையான தலைவர் எவருமிலர்; பேராசிரியர் அவையே தன் தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர் சிலரை முறைவைத்துத் தம் இல்லத்திற்கு அழைத்து விருந்தளித்தார் ஜெபர்சன். எண்பத்திரண்டு வயதில் ஃபாக்கியர் மாளிகையின் மேசையைத் தம் இல்லத்தில் மீண்டும் விரித்தார்.

ஆனால் அந்த மேசைக்கு வந்தோர் யாவர்? தென்மாநிலப் பெருநிலக்கிழாரின் மக்கள். சிறுவயது முதலே அடிமைகளை ஏவிப் பழகியவர்கள்; பிறருக்குப் பணிந்து பழகாதவர்கள். இதன் கேட்டை ஜெபர்சன் அறியாதவரல்லர். வர்ஜீனியாவைப் பற்றி 1780களில் தாம் எழுதிய நூலிலேயே, அடிமையின்மீது தந்தை சினம் காட்டுவதைக் காணும் குழந்தை அதனையே கற்றுக்கொள்கிறது என்றும், நாள்தோறும் கொடுங்கோன்மையில் பயிற்சி பெறும் பிள்ளை சீர்கெடாதிருத்தல் அரிது என்றும் எச்சரித்திருந்தார். எச்சரித்தவரே தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார் என்பது அவர் வாழ்வின் தீராக் கறை. அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டட வேலையில் பெரும்பங்கு அடிமைகளின் உழைப்பே. மாணவர் சொந்த அடிமையை வளாகத்திற்குக் கொணரக் கூடாதென விதி தடுத்தது உண்மை. எனினும் அறையைத் துப்புரவு செய்ததும், விறகும் நீரும் சுமந்ததும், உணவு பரிமாறியதும் அடிமைகளே. அவர்களை மாணவர் அடித்துத் துன்புறுத்திய நிகழ்ச்சிகள் பேராசிரியர் அவையின் பதிவேடுகளில் உள்ளன. ஆளப் பழகிய இளைஞரை அன்பால் ஆளலாம் என்று கருதியவர், அவர்களை அவ்வாறு பழக்கிய அமைப்பின்மேல் கைவைக்கவில்லை. அவரைப் போற்றி எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர், அது முறையன்று.

1825ஆம் ஆண்டின் கோடை கடந்தபோது இரவுநேர ஆரவாரங்கள் மிகுந்தன. செப்டம்பர் இறுதியில் ஓரிரவு, பேராசிரியர் லாங் அவர்களின் சாளரத்தை உடைத்துக்கொண்டு, அருவருக்கத்தக்க நீர் நிரம்பிய புட்டியொன்று உள்ளே வந்து வீழ்ந்தது. அடுத்து, அக்டோபர் 1ஆம் நாள் இரவு, மதுவுண்ட மாணவர் பதினால்வர் முகமூடி அணிந்து புல்வெளியில் திரண்டனர். ஐரோப்பியப் பேராசிரியர் ஒழிக என்னும் கூச்சல் எழுந்தது. எம்மட், டக்கர் என்னும் பேராசிரியர் இருவர் அமைதி செய்ய வெளியே வந்தனர். எம்மட் ஒருவனைப் பற்றி நிறுத்தி முகத்தைக் காண முயன்றார். செங்கல் பறந்தது, கைத்தடி வீசப்பட்டது, முகமூடியினர் இருளில் மறைந்தனர்.

மறுநாள் பேராசிரியர் அவை குற்றவாளிகளின் பெயரைக் கேட்டது. பெயர் வரவில்லை, வேறொன்று வந்தது. அறுபத்தைந்து மாணவர் கையொப்பமிட்ட தீர்மானம் அது. உடன் பயில்வோரைக் காட்டிக்கொடுப்பது தம் மானத்திற்கு இழுக்கு என்றும், மாணவன் ஒருவனைப் பேராசிரியர் இருவர் கைதொட்டுப் பற்றியதே தவறு என்றும் அத்தீர்மானம் சாடியது. சான்றுரைப்பதை மனச்சான்றுக்கு விட்ட விதி, இவ்வாறு முதல் சோதனையிலேயே முறிந்தது. மாணவருக்கும் மனச்சான்று இருந்தது. ஆனால் அது நண்பனுக்குத் துணைநிற்பதையே மானம் எனக் கொண்டது. உண்மைக்குத் துணைநிற்பதை அன்று. லாங்கும் கீயும் பதவி விலகல் மடலை அளித்தனர். ஏழு மாதக் குழந்தையான பல்கலைக்கழகம் மூடப்படும் நிலை உண்டாயிற்று. எதிர்ப்பாளர் நிறைந்த சட்டமன்றம் இனிப் பணம் தருமா என்னும் கவலையும் உடனெழுந்தது.

அக்டோபர் 3ஆம் நாள் ஆட்சிக் குழு கூடுவதாக முன்னரே குறித்திருந்தது. அதனையொட்டி, இன்னும் முற்றுப்பெறாத ரொட்டுண்டாவில் மாணவர் அனைவரும் வரவழைக்கப்பட்டனர். நீண்ட மேசையின் பின்னே ஆட்சிக் குழுவினர். அவர்கள் நடுவே ஜெபர்சன், அருகே மேடிசன். நோயால் நலிந்திருந்த ஜெபர்சன் எழுந்தார். தம் வாழ்வின் மிகத் துன்பமான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று என்ற பொருள்படத் தொடங்கினார். அதற்குமேல் பேச இயலவில்லை. விடுதலைச் சாற்றுரை இயற்றியவருக்குச் சொல் வரவில்லை, கண்ணீர் வந்தது. எஞ்சியதை வேறொருவர் சொல்லட்டும் என்று அமர்ந்துவிட்டார்.

சாப்மன் ஜான்சன் என்னும் ஆட்சிக் குழு உறுப்பினர் எழுந்து சுருக்கமாகப் பேசி, குற்றம் புரிந்தோர் தாமே முன்வந்து பெயரைப் பதியுமாறு வேண்டினார். ஒருவர் பின் ஒருவராக மாணவர் எழுந்து மேசையை நோக்கி வந்தனர். அவர்களை உருக்கியது பேச்சன்று, முதியவரின் கண்ணீரே என்று அங்கிருந்தோர் பிற்காலத்தில் குறித்து வைத்துள்ளனர். வந்தோருள் ஒருவனைக் கண்டதும் ஜெபர்சன் திடுக்கிட்டார். அவன் அவருடைய தங்கையின் வழிவந்த உறவினன். துயரம் சினமாக மாறிற்று. அந்தச் சினத்தை அவர் மறைக்கவுமில்லை.

தீர்ப்பில் உறவு குறுக்கிடவில்லை. மூவர் பல்கலைக்கழகத்தினின்றும் நிலையாக நீக்கப்பட்டனர்; அம்மூவருள் உறவினனும் ஒருவன். ஏனைய பதினொருவர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டனர். லாங்கும் கீயும் விலகல் மடலைத் திரும்பப் பெற்றனர். ஆயினும் இருவரும் நெடுங்காலம் அங்குத் தங்கவில்லை. சில ஆண்டுகளில் இங்கிலாந்து திரும்பிப் புதிதாகத் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயினர்.

அதே கூட்டத் தொடரில் விதிகள் இறுக்கப்பட்டன. முகமூடி அணிதல் தனிக் குற்றமாயிற்று. தம் கொள்கையின் ஒரு பகுதி தோற்றதை ஜெபர்சன் ஏற்றுக்கொண்டார் என்றே கொள்ளுதல் வேண்டும். மாணவர் அறுவர் தீர்ப்பளிக்கும் குழுவும் பயன் தரவில்லை. நண்பர்மேல் தீர்ப்புக் கூற எவரும் விரும்பவில்லை. ஆனால் சில திங்கள் கழித்து எழுதிய மடல்களில், ஒழுங்கு திரும்பியது குறித்து அவர் நிறைவோடே குறிப்பிட்டார். அது முழு உண்மையன்று. எட்கர் ஆலன் போ அங்கு மாணவராயிருந்தது 1826ஆம் ஆண்டில். அவ்வாண்டு மே மாதத்தில் சூதாடிய மாணவரைப் பிடிக்க மாவட்டக் காவல் அதிகாரி வந்தபோது, பட்டியலிலிருந்த ஏறத்தாழ ஐம்பதின்மர் படுக்கையும் உணவும் சுமந்துகொண்டு மலைக்காட்டுக்குள் ஓடியதைப் போ தம் வீட்டுக்கு எழுதினார். அவரும் சூதாட்டக் கடனோடுதான் ஊர் திரும்பினார்.

1826 சூலை 4ஆம் நாள், விடுதலைச் சாற்றுரையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, எண்பத்து மூன்றாம் அகவையில் ஜெபர்சன் மறைந்தார். பெருங்கடனில் மூழ்கியிருந்த அவர்தம் உடைமைகள் ஏலம் போயின. அடிமைக் குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்டன. பல்கலைக்கழகத் தலைமை மேடிசனுக்குச் சென்றது.

பின்வந்தோர் நம்பிக்கை வழியைக் கைவிட்டுக் கடுமை வழியைப் பற்றினர். விடியலில் எழுந்து உடுத்தி ஆயத்தமாயிருக்க வேண்டும் என்றொரு விதி. சாம்பல் நிறச் சீருடை வேண்டும் என்றொரு விதி. கைப்பணத்தை அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்றொரு விதி. மாணவரோ விதிக்கொரு கலகம் செய்தனர். 1836ஆம் ஆண்டில் படைக்கலம் ஏந்திய மாணவர் அணியொன்றின் பொருட்டுப் பெருங்கலகம் மூண்டது. அதன் நினைவுநாளான 1840 நவம்பர் 12ஆம் நாள் இரவு, புல்வெளியில் முகமூடியோடு துப்பாக்கி வெடித்துத் திரிந்த மாணவனைச் சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் நெருங்கி முகமூடியை அகற்ற முயன்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எம்மட் செய்த அதே செயல். இம்முறை பறந்து வந்தது செங்கல் அன்று, துப்பாக்கிக் குண்டு. இரண்டு நாளில் டேவிஸ் உயிர் துறந்தார்.

அவருடைய இடத்திற்கு வந்த ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர், 1842ஆம் ஆண்டில் பேராசிரியர் அவையின் முன் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். தேர்வெழுதும் மாணவன் எவரிடமிருந்தும் எவ்வுதவியும் பெறவில்லை எனத் தன் மானத்தின்மேல் உறுதி கூறி விடைத்தாளில் கையொப்பமிட வேண்டும். அவ்வுறுதி ஏற்கப்படும் என்பதே அது. அவை அதனை ஏற்றுக்கொண்ட நாள் சூலை 4, ஜெபர்சன் மறைந்த அதே நாள். எந்த மானம் நண்பனைக் காட்டிக்கொடுக்க மறுத்ததோ, அதே மானத்தை இம்முறை பொய்க்கு எதிராக நிறுத்தினார்கள். உறுதிமொழியை மீறியவனை மாணவர்களே விசாரித்து வெளியேற்றும் வழக்கம் நாளடைவில் உருவாயிற்று. அறுவர் குழுவைக் கொண்டு ஜெபர்சன் செய்ய இயலாததை, அவர் பேரன்மாரின் தலைமுறை தானே செய்துகொண்டது.

அந்த முறைக்குத் தண்டனை நெடுங்காலம் ஒன்றே; அது நிலையான நீக்கம். 2022ஆம் ஆண்டு மாணவர் வாக்கெடுப்பில் அத்தண்டனை மாற்றப்பட்டு, ஈரரையாண்டு விலகியிருத்தல் என்றாயிற்று. இதற்கு முன்னரே, 2020ஆம் ஆண்டில், ரொட்டுண்டாவுக்குக் கிழக்கே கருங்கல்லால் ஒரு வட்ட நினைவகம் கட்டி முடிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தைக் கட்டியும், மாணவருக்கு ஊழியம் புரிந்தும் மறைந்த அடிமைகளுக்கானது அது. அவர்கள் ஏறத்தாழ நாலாயிரவர் எனக் கணக்கிட்டுள்ளனர். பெயர் தெரிந்தோர் சிலர். பெயர் தெரியாதோருக்குக் கல்லில் ஒரு வடு மட்டும் செதுக்கப்பட்டுள்ளது.